உச்சரிப்புக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கால் சென்டர்களில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள், பதிவான அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடும் க்வாலிட்டி டீம்காரர்கள், ஆள் எடுக்கும்போது வாய்ஸ் ரவுண்ட் நடத்துபவர்கள், புதிதாக வந்திருக்கும் உச்சரிப்பை மாற்றும் மென்பொருளை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் நான்கு வருடம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசியவன். அதற்கப்புறம் ஆறு வருடமாக ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதாவது கூட்டங்கள், விசாரணைகள், பேட்டிகள் என்று வரும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அப்படியே எழுத்தில் இறக்குவதுதான் இப்போது என் வேலை. பேசுகிற பக்கமும் கேட்கிற பக்கமும் இரண்டும் தெரியும் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு படிவம் பற்றி. நான் வேலை பார்த்த இடத்தில் ஆளுக்கு மாதம் ஐந்து அழைப்புகளை எடுத்துக் கேட்பார்கள். பிரச்சினை தீர்ந்ததா, மரியாதையாகப் பேசினாரா, கொடுத்த தகவல் சரியா என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டத்தின் பெயர் எம்டிஐ, தாய்மொழியின் தாக்கம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஒருநாள் வயதான ஒரு அம்மா கூப்பிட்டார். முகவரி மாற்ற வேண்டும், காதும் கொஞ்சம் மந்தம். நான் சொன்ன குறிப்பு எண்ணில் ஒரு எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. "விக்டர் என்று சொல்வோமே, அந்த வி" என்றேன். "ஓ, அதுவா" என்று எழுதிக்கொண்டார். பதினோரு நிமிடம் பேசினோம், வேலை முடிந்தது, வைக்கும்போது இரண்டு தடவை நன்றி சொன்னார். அந்த அழைப்புக்கு மற்ற எல்லாக் கட்டத்திலும் முழு மதிப்பெண். எம்டிஐ கட்டத்தில் 10-க்கு 4. பக்கத்தில் ஒரு குறிப்பு: "கேட்பதற்குக் கனமாக இருக்கிறது." அதனால் அந்த மாத ஊக்கத்தொகை போனது. பணம் பெரிதில்லை என்று சொல்ல மாட்டேன், பெரிதுதான். ஆனால் இத்தனை வருடம் கழித்தும் உறுத்துவது அந்தக் குறிப்புதான். யாருக்குக் கனமாக இருந்தது? அந்த அம்மாவுக்கு இல்லை. மதிப்பெண் போட்டவருக்கு இருந்திருக்கிறது. அவர் தன் காதில் உணர்ந்த ஒன்றை என் நாக்கின் கணக்கில் எழுதிவிட்டார்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். ஆக்சென்ட் என்று நீங்கள் பெயர் வைத்திருப்பது பேசுகிறவரின் வாயில் முழுதாக உட்கார்ந்திருக்கும் பொருள் இல்லை. பாதி கேட்கிறவரின் காதில் இருக்கிறது. நீங்கள் வாய்க்கு மட்டும் பயிற்சி கொடுக்கிறீர்கள், வாய்க்கு மட்டும் மதிப்பெண் போடுகிறீர்கள்.

பயிற்சி அறையில் நடந்ததைச் சொல்கிறேன். திராட்சைக் கொடிக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல், அதன் பழத்தில் எடுக்கும் மதுவுக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதிப் பாருங்கள்: வைன், வைன். கொடியைச் சொல்ல மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும், மதுவைச் சொல்ல உதடு குவிய வேண்டும். நம் 'வ' இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. பயிற்சியாளர் மாற்றி மாற்றிச் சொல்வார், எது எது என்று நாங்கள் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. "கவனமாகக் கேள்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், அப்போதும் ஒன்றாகத்தான் கேட்டது. வகுப்பில் எனக்குக் கவனம் போதாது என்று முடிவானது.

கவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1984-இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று நாக்கு பல்லில் பட்டு வரும் 'த', இன்னொன்று நாக்கு மேலே வளைந்து வரும் 'ட'. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை இரண்டையும் பிரித்துக் கேட்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலவற்றால்தான் முடிந்தது. அதாவது ஒரு வயது முடிவதற்குள்ளேயே காது ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. சுற்றிப் பேசும் மொழியில் எந்த வித்தியாசத்துக்குப் பொருள் உண்டோ அதைக் கூர்மையாக்கிக்கொள்கிறது, எதற்குப் பொருள் இல்லையோ அதை மழுங்க விட்டுவிடுகிறது. தமிழ்க் குழந்தைக்குத் 'த'வும் 'ட'வும் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்தவருக்கு வளர்ந்தபின் அந்த இரண்டும் ஒன்று.

இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே ஒருநாள் இடைவேளையில் அந்தப் பயிற்சியாளரிடம் வலி, வளி, வழி என்று மூன்றையும் மெதுவாகச் சொல்லிக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஏன் ஒரே சொல்லை மூன்று தடவை சொல்கிறாய் என்று கேட்டார். மூன்றும் வேறு, ஒன்று நோவு, ஒன்று காற்று, ஒன்று பாதை என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவைக்கப்புறம் ஒன்றும் சொல்லாமல் டீயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நல்ல மனிதர், மறுநாளிலிருந்து வகுப்பில் "கவனமாகக் கேள்" என்பதை நிறுத்திவிட்டார். என் காதுக்கு ஒரு கதவு மூடியிருக்கிறது, அவர் காதுக்கு வேறொரு கதவு மூடியிருக்கிறது. அவர் கதவுக்கு மட்டும் யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

இன்னொரு வேடிக்கையான உண்மையும் உண்டு. காது சில ஒலிகளை விட்டுவிடுவதோடு நிற்பதில்லை, இல்லாத ஒலியைச் சேர்த்தும் கொள்ளும். ஜப்பானிய மொழியில் மெய்யெழுத்துகள் நினைத்தபடி பக்கத்தில் பக்கத்தில் வர முடியாது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் ஜப்பானியர்களுக்கு 'எப்ஸோ' போன்ற பொருளில்லாத சொற்களைப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் காதில் 'எபுஸோ' என்று நடுவில் ஓர் உகரத்தோடு விழுந்தது. ஒலிப்பதிவில் அந்த உகரம் இல்லவே இல்லை, ஆனால் அவர்கள் கேட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்படிக் கேட்கவில்லை. நாம் பேச்சிலே ஸ்கூலை இஸ்கூல் ஆக்குவதும் இந்த வகையறாதான். இதைச் சோம்பேறித்தனம் என்று எழுதி வைத்த ஒரு பயிற்சிக் குறிப்பை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, வேகம். "இவர்கள் ரொம்ப வேகமாகப் பேசுகிறார்கள்" என்ற புகார் உங்கள் படிவங்களில் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் இப்போது வேலை செய்யும் திரையில் பேச்சு ஓர் அலைக்கோடாக ஓடும். முதல் வாரம் இந்த வேலைக்கு வந்தபோது, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் கோடு தட்டையாக இருக்கும், அதை வைத்து வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். பார்த்தால் அப்படி இல்லை. 'நான் அப்பாவை' என்று ஒருவர் சொன்னால் 'நான்' முடிந்து 'அ' தொடங்கும் இடத்தில் கோடு விடாமல் ஓடுகிறது. தட்டையாக விழுவது 'அப்பா'வின் நடுவில், 'ப்ப' சொல்ல உதடு மூடியிருக்கும் அந்த ஒரு கணத்தில். 'பக்கம்' என்றால் 'க்க'வில், 'பட்டம்' என்றால் 'ட்ட'வில். மௌனம் சொல்லுக்கு உள்ளே இருக்கிறது, சொற்களுக்கு நடுவில் இல்லை! சொற்களைத் தனித்தனியாகப் பிரிப்பது கேட்கிறவரின் மூளை செய்யும் வேலை. தெரிந்த மொழியில் அது தானாக நடக்கும். தெரியாத மொழியிலோ பழகாத உச்சரிப்பிலோ அந்தப் பிரிப்பு நடக்காது, எல்லாம் ஒரே நீளமாகக் கொட்டும், நாம் அதை வேகம் என்று எழுதிவிடுகிறோம்.

மொழிகளுக்கு நடுவே வேக வித்தியாசம் உண்மையிலேயே இல்லாமலும் இல்லை. 2011-இல் பெலெக்ரினோவும் அவருடைய குழுவும் அளந்து சொன்னதில் ஜப்பானியம், ஸ்பானிஷ் இரண்டும் நொடிக்கு ஏறக்குறைய 7.8 அசைகள், ஆங்கிலம் 6.2, மாண்டரின் 5.2. ஆனால் வேகமாக ஓடும் மொழியில் ஓர் அசை சுமக்கும் தகவல் குறைவு, மெதுவாகப் போகும் மொழியில் ஒவ்வோர் அசையும் நிறையச் சுமக்கும். 2019-இல் பதினேழு மொழிகளை, 170 பேரைப் பேசவைத்து அளந்தபோது எல்லா மொழியும் சராசரியாக நொடிக்கு 39 பிட் (பிட் என்பது தகவலை அளக்கும் அலகு) அளவுத் தகவலைச் சுற்றியே வந்து நின்றது. எந்த மொழியில் பேசினாலும் மனிதன் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் விஷயத்தைச் சொல்கிறான். எனக்கு இது படித்த அன்று தூக்கம் வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

இனிமை, கரடு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் "கனம்" என்ற அந்தச் சொல் அங்கேதான் சேரும். சில மொழிகள் பாட்டு மாதிரி, சில மொழிகள் சண்டை மாதிரி என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். பழைய கிரேக்கர்களுக்கு வேற்று மொழிக்காரர் பேச்சு 'பர் பர்' என்று விழுந்தது, அதிலிருந்து வந்த பார்பரோஸ் என்ற சொல்தான் பிற்காலத்தில் காட்டுமிராண்டி என்ற பொருளுக்குப் போனது. ரஷ்ய மொழியில் ஜெர்மானியரைக் குறிக்கும் நெமெத்ஸ் என்ற சொல்லின் வேர் ஊமை என்பது. புரியாத பேச்சைப் பேச்சே இல்லை என்று சொல்லிவிடும் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. ஆனால் சோதித்துப் பார்த்தால் இந்த இனிமைத் தரவரிசை காற்றில் கரைந்துவிடுகிறது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் 228 மொழிகளின் ஒலிப்பதிவுகளை 820 பேருக்குப் போட்டு, கேட்க எப்படி இருக்கிறது என்று 100-க்கு மதிப்பெண் கேட்டார்கள். கேட்டவர்கள் ஆங்கிலம், சீனம், செமிட்டிக் மொழிகள் (அரபு, ஹீப்ரு இருக்கும் குடும்பம்) பேசுகிறவர்கள். அனேகமாக எல்லா மொழியும் 37-க்கும் 43-க்கும் நடுவில் ஒரு சின்ன இடத்தில் நெருக்கி நின்றன. தனக்குத் தெரிந்த மொழி என்று கேட்டவர் நினைத்துவிட்டால், அந்த நினைப்பு தப்பாக இருந்தாலும், மதிப்பெண் ஏறியது. அதற்கு ரொம்ப முன்பே, 1974-இல், கிரேக்கம் சுத்தமாகத் தெரியாத பிரிட்டிஷ்காரர்களுக்கு ஏதென்ஸ் உச்சரிப்பையும் கிரீட் தீவு உச்சரிப்பையும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கிரேக்கர்களுக்கு முதலாவது மதிப்பானது, இரண்டாவது அப்படி இல்லை. கேட்ட பிரிட்டிஷ்காரர்களுக்கு எது உயர்ந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மதிப்பு ஒலியில் இருந்தால் அவர்கள் காதிலும் விழுந்திருக்க வேண்டுமே. அது பேசுகிறவர்களின் அந்தஸ்திலிருந்து வந்து ஒலியின் மேல் ஒட்டிக்கொள்கிறது.

கண் காதை ஏமாற்றும் கதையும் உண்டு. 1992-இல் டொனால்ட் ரூபின் என்பவர் அமெரிக்க மாணவர்களுக்கு ஒரு சின்ன விரிவுரையைப் போட்டுக் காட்டினார். பேசியவர் அமெரிக்க ஆங்கிலமே தாய்மொழியான ஒரு பெண். ஒரு கூட்டத்துக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டினார்கள், இன்னொரு கூட்டத்துக்கு ஆசியப் பெண்ணின் படத்தை. ஒலிப்பதிவு ஒன்றேதான். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் உச்சரிப்பு வேறு மாதிரி இருக்கிறது என்றார்கள், அந்தப் பக்கத்தில் பாடம் மனதில் நின்றதும் குறைந்தது. பெயரையும் ஊரையும் திரையில் பார்த்த பிறகு மதிப்பெண் போட உட்காரும் க்வாலிட்டி டீம் நண்பர்களே, இந்தப் பத்தியை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள்.

இதனால் என்ன ஆகிவிடப்போகிறது, ரசனை விஷயம்தானே என்று யாராவது நினைத்தால், ஆகிறது. ஷிரி லெவ்-ஆரி, போவாஸ் கெய்சர் இருவரும் 2010-இல் வெளியிட்ட சோதனையில் "ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி அதிக நாள் தண்ணீர் இல்லாமல் இருக்கும்" என்பது போன்ற சாதாரணத் தகவல்களைப் பலர் படித்துக் காட்டினார்கள், உண்மை என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்பவர்கள் சொல்ல வேண்டும். வேற்று உச்சரிப்பில் படித்தால் நம்பிக்கை குறைந்தது. படிப்பவர் தன் கருத்தைச் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார் என்று முன்கூட்டியே சொல்லியும் குறைந்தது. கேட்பதற்குச் சிரமமாக இருப்பதை மனது பொய்யோ என்று எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு "உன் மேலாளரைக் கூப்பிடு" என்று எத்தனை தடவை கேட்டிருப்போம். மேலாளர் வந்து அதே வாக்கியத்தை வேறு ஓசையில் சொல்வார், அப்போது மட்டும் அது உண்மை ஆகிவிடும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும்.

சரி, புரியவில்லை என்றால் என்ன செய்வது, வியாபாரம் நடக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். புரிவது வேறு, உச்சரிப்பு வேறு. மரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் 1995-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். மாண்டரின் தாய்மொழிக்காரர்கள் பேசிய ஆங்கிலத்தை ஆங்கிலத் தாய்மொழிக்காரர்களுக்குப் போட்டு, கேட்டதை எழுதச் சொன்னார்கள், உச்சரிப்பு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்றும் கேட்டார்கள். ஒரு சொல் பிசகாமல் எழுதிவிட்டு, அதே வாக்கியத்துக்கு "உச்சரிப்பு ரொம்ப அழுத்தம்" என்று குறித்த இடங்கள் நிறைய. ஆக உங்கள் படிவத்தில் ஒரே கட்டத்தில் இரண்டு வேறு விஷயங்களை அடைத்து வைத்திருக்கிறீர்கள். புரிந்ததா என்பதற்குக் கட்டம் வையுங்கள், நான் எதிர்க்கவில்லை. அதற்கான பயிற்சியும் கொடுங்கள், அதில் செய்வதற்கு நிறைய இருக்கிறது. ஆங்கிலத்தில் ரெக்கார்ட் என்ற சொல்லின் முதல் அசையை அழுத்தினால் பதிவு, இரண்டாவதை அழுத்தினால் பதிவு செய்தல். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல் மாறிவிடாது, அதனால் அழுத்தம் என்ற ஒன்றை நாங்கள் கவனிப்பதே இல்லை, யாராவது இதைச் சொல்லிக் கொடுத்தால் உண்மையாகவே உதவும். எண்களை எங்கே நிறுத்திச் சொல்வது, புது விஷயத்துக்கு முன்னால் ஒரு மூச்சு விடுவது, இவையும் உதவும். எனக்கு நான்கு வருடத்தில் இவற்றை யாரும் சொல்லித் தரவில்லை. பல்லில் உதட்டைக் கடித்துக்கொண்டு வைன் சொல்லத்தான் சொல்லித் தந்தார்கள்.

இப்போது என் இன்றைய வேலையிலிருந்து ஒன்று. போன மாதம் ஒரு பேட்டி வந்தது, ஐம்பது நிமிடம். பேசியவரின் உச்சரிப்பு நான் அதுவரை கேட்டதே இல்லை. முதல் வாக்கியத்தை ஏழு தடவை ஓட்டினேன், நடுவில் இரண்டு சொல் விளங்கவில்லை, அடைப்புக்குறி போட்டு வைத்தேன். இரண்டாவது வாக்கியம் நான்கு தடவை. அவர் ஒரு குறிப்பிட்ட நெடில் உயிரை எப்போதும் கொஞ்சம் முன்னால் தள்ளிச் சொல்கிறார் என்பது மூன்றாவது வாக்கியத்தில் பிடிபட்டது. அவ்வளவுதான். மூன்றாவது நிமிடத்துக்குமேல் ரீவைண்ட் பெடலில் என் கால் அனேகமாகப் படவே இல்லை. முடித்துவிட்டு முதல் வாக்கியத்துக்குத் திரும்பிப் போனேன், அடைப்புக்குறிக்குள் கிடந்த இரண்டு சொல்லும் பளிச்சென்று கேட்டது. அவர் அதற்குள் மாறியிருக்க வழியில்லை, பதிவான குரல் எப்படி மாறும்? மாறியது என் காது. இது எனக்கு மட்டும் வாய்த்த திறமையும் இல்லை. கான்ஸ்டன்ஸ் கிளார்க், மெரில் காரெட் இருவரும் 2004-இல் அளந்திருக்கிறார்கள். ஸ்பானிஷ், சீன உச்சரிப்பு ஆங்கிலத்தை முதலில் கேட்கும்போது மூளை தடுமாறுகிறது, ஒரு நிமிடத்துக்குள், சில வாக்கியங்களிலேயே, அந்தத் தடுமாற்றம் பெருமளவு குறைந்துவிடுகிறது. ஒரு நிமிடம்! என் நாக்கை மாற்ற ஆறு வாரப் பயிற்சி வைத்தீர்கள், அப்படியும் மாறவில்லை.

அந்த ஒரு நிமிடத்தையும் பயிற்சியால் குறைக்கலாம். ஆன் பிராட்லோ, டெஸ்ஸா பென்ட் செய்த 2008 ஆய்வில், சீன உச்சரிப்பில் பேசும் பலரைக் கேட்டுப் பழகியவர்கள், அதுவரை கேட்காத இன்னொரு சீன உச்சரிப்புக்காரரையும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஒரே ஆளை மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த ஆள் மட்டும்தான் எளிதானார். காது பன்மையில்தான் கற்கிறது. பல குரல், பல வாய், பல ஊர். அதனால்தான் உச்சரிப்பை மாற்றும் அந்த மென்பொருள் பற்றி எனக்கு இவ்வளவு கவலை. பேசப் பேச நேரடியாகவே குரலின் உச்சரிப்பை மாற்றி அடுத்த முனைக்கு அனுப்பிவிடுகிறது. தொழிலாளிக்கு வசவு குறையும் என்று சொல்லி விற்கிறார்கள். வசவு வாங்கி ஓய்வறையில் அழுதவர்களைப் பார்த்தவன் நான், அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். விரும்பி ஒருவர் அதைப் போட்டுக்கொண்டால் அது அவர் பாடு. ஆனால் எல்லோருக்கும் கட்டாயம் என்று ஃப்ளோர் முழுக்கப் போட்டுவிட்டால் அடுத்த முனையில் இருக்கும் காதுக்கு வித்தியாசமான ஒரு குரலைக் கேட்கும் வாய்ப்பே இல்லாமல் போகும், அது எப்போதும் பழகாது, நாளைக்கு மென்பொருள் இல்லாத இடத்தில் எங்களில் ஒருவர் வாயைத் திறந்தால் இன்னும் மோசமாகக் கேட்கும். இயந்திரங்களுக்கும் இதே கதைதான். பேச்சை எழுத்தாக்கும் ஐந்து பெரிய நிறுவனங்களின் அமைப்புகளை அமெரிக்காவில் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். வெள்ளையர் பேசினால் நூறு சொல்லுக்குச் சராசரி 19 பிழை, கறுப்பினத்தவர் பேசினால் 35. கறுப்பினத்தவர் பேச்சைப் போதுமான அளவு கேட்டுப் பயிலாத காது, அது இயந்திரக் காதாக இருந்தாலும் இப்படித்தான் கேட்கும். அங்கே பிழையை இயந்திரத்தின் கணக்கில் எழுதினார்கள், பேசியவர்களின் கணக்கில் எழுதவில்லை.

அப்புறம் அந்தப் பெயர். தாய்மொழியின் தாக்கம் என்பதைக் கறை போல எழுதி வைத்திருக்கிறீர்கள். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து மூன்று முதல் ஐந்து நாளே ஆன குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து பார்த்தார்கள், முப்பது பிரெஞ்சுக் குழந்தைகள், முப்பது ஜெர்மன் குழந்தைகள். பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை தாழ்ந்து தொடங்கி ஏறும் வகையில் அதிகம் இருந்தது, ஜெர்மன் குழந்தைகளுடையது உயரத்தில் தொடங்கி இறங்கும் வகையில். வயிற்றுக்குள் இருக்கும்போதே அம்மாவின் பேச்சு ஓசையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கின்றன. ஒரு சொல்கூடத் தெரியாத வயதில் முதலில் கிடைத்த அதற்குத்தான் நீங்கள் 10-க்கு 4 போடுகிறீர்கள்.

2020 நவம்பரில் பிரான்சு நாடாளுமன்றத்தின் கீழவை, உச்சரிப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் மசோதாவை 98-க்கு 3 என்ற வாக்கில் ஏற்றது. சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, நான் கேட்பவை எல்லாம் உங்கள் கையிலேயே இருப்பவை. எம்டிஐ கட்டத்தை எடுத்துவிடுங்கள், அந்த இடத்தில் "வாடிக்கையாளருக்குப் புரிந்ததா" என்று வையுங்கள், அதற்கு ஆதாரம் அழைப்பிலேயே இருக்கும், அவர் எத்தனை தடவை திருப்பிக் கேட்டார், சொன்னதைச் சரியாக எழுதிக்கொண்டாரா என்று எண்ணிப் பார்த்தாலே போதும். மதிப்பெண் போடுகிறவர்களுக்கும் வாரம் ஒரு மணி நேரம் பல ஊர்க் குரல்களைக் கேட்கும் பயிற்சி வையுங்கள். பேசுகிறவரின் பெயர் தெரியாமல் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். உச்சரிப்பு மாற்றும் மென்பொருள் வேண்டுமா வேண்டாமா என்று அந்தந்த ஆளையே கேளுங்கள், வேண்டாம் என்றால் அதற்காக யாருக்கும் எதுவும் குறையக் கூடாது.

இன்னும் ஒன்று, இதற்குச் செலவும் கிடையாது, அனுமதியும் வேண்டாம். பெரும்பாலும் நீங்கள் அழைப்பின் முதல் முப்பது நொடியைக் கேட்டுத்தான் அந்தக் கட்டத்தை நிரப்புகிறீர்கள், பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடுத்த பதிவைத் திறக்கும்போது மூன்றாவது நிமிடம் வரைக்கும் பேனாவை எடுக்காமல் கேளுங்கள். அப்புறம் முதல் முப்பது நொடிக்குத் திரும்பிப் போய் அதை மறுபடி ஒரு தடவை ஓட்டுங்கள்.